எனக்கு எடுக்கும் நிறம்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். இதை நான் அடக்கமாகச் சொல்வதில்லை. அப்பா சாலைக் கடைவீதியில் மூட்டை சுமந்தார். அம்மா பழவங்காடியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் காய் நறுக்கினாள். இருவருக்கும் எழுத்துக்கூட்டிப் படிக்கவும் தெரியாது. ஆனால் என் நிறத்துக்கு எது உடுத்த வேண்டும் என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே கிடையாது. வெளிர் ரோஸ், சந்தனம், பால் வெள்ளை.

"கறுத்த பிள்ள வெளுப்பு உடுத்தினாத்தான் கொஞ்சம் தெளிச்சமா தெரியும்" என்பாள். கூடவே முகத்தில் பவுடரை அப்பி அனுப்புவாள். அப்படி ஒரு ஓணத்துக்குப் பள்ளிக்குப் போனபோது வகுப்புப் பெண் ஒருத்தி மலையாளத்தில், "எந்தாடீ, அரிமாவில் வீணோ?" என்று கேட்டாள். அரிசி மாவில் விழுந்தாயா என்று. வகுப்பே சிரித்தது. வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்தேன். அவள் சொன்னது உண்மை. கறுப்பு போகவில்லை, அதன்மேல் சாம்பல் பூத்திருந்தது, அவ்வளவுதான்.

வேலைக்குப் போன பிறகு நானே கற்றுக்கொண்டேன். காலை வெயிலில் வாசலில் நின்று, முடியை இழுத்துக் கட்டி, துப்பட்டாக்களை ஒவ்வொன்றாகக் கழுத்தடியில் பிடித்துப் பார்ப்பேன். வெளிர் ரோஸ் என் முகத்திலிருந்த ரத்தத்தையெல்லாம் குடித்துவிடும். கடுகு மஞ்சள் வைத்தால் கண் விழித்துக்கொள்ளும். அரக்கு, செங்கல் சிவப்பு, பாட்டில் பச்சை எல்லாம் என் நிறங்கள். ஃபவுண்டேஷனைப் புறங்கையில் தடவிப் பார்த்து வாங்கக் கூடாது. தாடை ஓரத்தில் தடவிக் கடைக்கு வெளியே வந்து பார்க்க வேண்டும். தடவிய இடம் எதுவென்று தெரியாமல் போனால் அதுதான் நம்முடையது. என்னுடையது கடைத் தட்டின் கடைசியில் இருந்தது. தூசி படிந்திருந்தது. வாங்கினேன்.

கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீட்டார் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள், ஆரியசாலையில் மொத்த வியாபாரம். மாப்பிள்ளைக்கு என்னைப் பிடித்திருந்தது. அவர் அம்மாவுக்கு என் வேலை பிடித்திருந்தது. தரகரிடம் கொடுத்த விவரத்தில் அம்மா என்னை மாநிறம் என்று எழுத வைத்திருந்தாள்; நேரில் பார்த்த பிறகும் யாரும் அதைத் திருத்தவில்லை. முகூர்த்தப் புடவையை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பதுதான் எங்கள் இரு வீட்டுக்கும் முறை. எடுக்கட்டும், நிறத்தை மட்டும் நான் சொல்லிக்கொள்கிறேன் என்று நினைத்தேன். அந்த ஒரு நாளாவது என் நிறத்தோடு உட்கார வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

ஜவுளிக்கடைக்கு மாப்பிள்ளை, மாமியார், நாத்தனாருடன் நானும் அம்மாவும் போனோம். அங்கே கடுகு மஞ்சள் கரை போட்ட அரக்குப் பட்டு ஒன்றைக் காட்டினேன். "அது இருக்கட்டும்" என்றார் மாமியார். பீச் நிறத்தில் ஒன்றைப் பிரித்து என் பக்கம் நீட்டாமல் நாத்தனாரின் தோளில் போட்டார். அவள் நல்ல சிவப்பு.

"இவ மேல போட்டாத்தாம்மா கலரு தெரியும்" என்றார் என்னிடம், விளக்குவது போல.

"அடிபொளி ஆயிட்டுண்டு கேட்டோ!" என்று மெச்சினார் விற்பனைக்காரர். நாத்தனார் கண்ணாடி முன் திரும்பித் திரும்பி நின்றாள். ஒன்று மாற்றி ஒன்றாக அவள்மேல் போட்டார்கள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து என் கல்யாணப் புடவையை வேறொருத்தி உடம்பில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொறுக்க முடியாமல் எழுந்தேன். அரக்குப் பட்டை எடுத்துக்கொண்டு கடை வாசலுக்குப் போய், தெரு வெளிச்சத்தில் தோளில் போட்டு நின்றேன். எல்லோரும் பின்னால் வந்தார்கள். நாத்தனார்தான் முதலில் வாய் திறந்தாள். "யம்மா, மதினிக்கு இது சூப்பரா எடுக்கு."

மாமியார் என்னையும் பட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "எடுக்கத்தான் செய்யுது. ஆனா பொண்ணு கறுப்புன்னு பளிச்சுனு தெரியுமே. ஆல்பத்த நாலு பேரு பாக்கணும்லா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் இத்தனை நாள் தேடியது என்னைக் காட்டும் நிறத்தை. அவர்கள் தேடியது என்னை மறைக்கும் நிறத்தை.

"நான் கறுப்புதான் அத்தை. தெரிஞ்சா என்ன?" என்றேன்.

மாப்பிள்ளை கைபேசியிலிருந்து தலை நிமிர்த்தினார். "ஒரு புடவதான, விடேன்."

அவருக்குப் பதில் சொல்ல என்னிடம் வார்த்தை இருந்தது. அதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு, "படிச்ச திமிரு, மதினி. நீங்க மனசுல வச்சுக்கிடாதீங்க" என்றாள்.

அம்மா அதுவரை யாரிடமும் என் படிப்புக்காக மன்னிப்புக் கேட்டதில்லை. அரக்குப் பட்டை நானே மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். பீச் நிறப் புடவையைப் பொட்டலம் கட்டினார்கள்.

கல்யாணத்தன்று காலையில் மேக்கப் போட வந்த சேச்சியிடம் என் ஃபவுண்டேஷன் புட்டியைக் கொடுத்தேன். அதைத் திறந்து பார்த்துச் சிரித்தாள். "மோளே, இது இட்டா உள்ள நிறம் தந்நே அல்லே காணும்? பின்னே எந்தினா மேக்கப்பு?" இருக்கிற நிறமே தெரியுமென்றால் மேக்கப் எதற்கு என்று. தன் பெட்டியிலிருந்து எடுத்ததை நெற்றியிலிருந்து கழுத்துக்குழி வரை பூசினாள். உதட்டுக்கு வெளிர் ரோஸ். காதுக்குப் பின்னால் என் நிறம் தெரிகிறதென்று அங்கும் ஒரு பஞ்சை ஒற்றினாள். கண்ணாடியில் பழைய ஓணத்துச் சிறுமியைத் தேடவும் தோன்றவில்லை.

மணமேடைக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாராட்டைத்தான் சொன்னார்கள். ஆளே மாறிட்டியே. யாரோன்னு நெனச்சேன். மாமியார் ஒவ்வொருவருக்கும் தலையாட்டினார், தான் சமைத்ததைப் புகழ்கிறார்கள் என்பது போல.

கடைசியில் அம்மா வந்தாள். என் முகத்தைத் தொடாமல், மேக்கப் கலைந்துவிடும் என்று விரலைக் காற்றிலேயே நிறுத்தி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். கண் நிறைந்து போனது.

"பெத்தவ எனக்கே அடையாளம் தெரியலட்டீ" என்றாள்.

மாமியாரை என்றைக்காவது மன்னித்துவிடுவேன். கறுப்பு மருமகளை அவர் கேட்டு வாங்கவில்லை. அந்தச் சேச்சி அவள் தொழிலைச் செய்தாள். அடையாளம் தெரியவில்லை என்று சொல்லும்போது அம்மாவின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.