முதுகில்லாத கோட்டு

உடை விதிகள், பத்தி ஏழு: ‘கோடைக்காலத்தில், எழுத்து மூலம் விண்ணப்பிக்கும் குமாஸ்தா தன் இருக்கையில் இருக்கும்போது கோட்டைக் களைந்து வைக்க அலுவலகத் தலைவர் அனுமதி அளிக்கலாம்.’ முப்பத்திரண்டு ஆண்டுகள் விதிகளோடு குடித்தனம் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். இதில் ஒரு குறையும் இல்லை என்று சான்றளிக்கிறேன். விண்ணப்பித்தால் போதும்.

மைசூர் குளுகுளு ஊர் என்பவர்கள் சித்திரை மாதத்தில் கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புக் கோட்டும் சரிகைத் தலைப்பாகையுமாக உட்கார்ந்து எழுதிப் பார்த்ததில்லை. மகாராஜா காலத்து சர்க்கார் அலுவலகம் ஒன்றில் அப்பா தற்காலிகத் தலைமைக் குமாஸ்தா. கோடை முடிவதற்குள் அவரை நிரந்தரமாக்குவதா, பழைய நாற்காலிக்கே அனுப்புவதா என்று அதிகாரி எழுதவேண்டும். அப்பா விதிப்படி விண்ணப்பித்தார். பதில் இல்லை. பத்தாம் நாள் கோட்டோடு கோப்பின்மேல் மயங்கி விழுந்தார்.

அன்று மாலையே அம்மா கத்தரிக்கோலை எடுத்தாள். மண்டி மொஹல்லா தையற்காரரிடம் கொடுத்தால் ஊருக்கே தெரிந்துவிடும். “அதிகாரி முன்பக்கத்தைத்தானே பாக்கறார்?” என்றாள். காலர், தோள், கைகள் எல்லாம் அப்படியே இருந்தன. முதுகுத் துணி மட்டும் போய், இரண்டு நாடா வந்தது. தெருவில் அங்கவஸ்திரம் முதுகை மூடியது. இருக்கைக்குப் பின்னால் சுவர் இருந்தது. அதிகாரியின் அறையில்தான் மரியாதைக்காக அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். அங்கே அரண்மனை வழக்கம் கைகொடுத்தது. பெரியவர்களுக்கு முதுகைக் காட்டாமல், பின்னோக்கி நடந்தே அப்பா வெளியேறினார்.

அதிகாரி மெட்ராஸிலிருந்து புதிதாக வந்தவர். இவ்வளவு மரியாதை அவருக்குக் கூச்சமாக இருந்தது. “வேண்டாம், திரும்பியே போங்கோ” என்று மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் அப்பா பின்னோக்கியே போனார். மூன்றாவது தடவை, மைக்கூட்டோடு வந்த சேவகர்மேல்.

“ஓய், அரண்மனைக்கே மாத்தல் வாங்கிண்டு போயிடுவீர் போலிருக்கே” என்றாராம் பக்கத்து மேஜைக்காரர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, உலாவப் போன அதிகாரி எங்கள் வீட்டுக்குள் நுழைந்தார். வெற்றுடம்போடு விசிறிக்கொண்டிருந்த அப்பா ஓடிப்போய்க் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார். பிறகு காப்பி வாங்கிவர, சொந்தச் சமையலறைக்கே பின்னோக்கி நடந்தார்.

அதிகாரி ஏழு வயதுக்காரியான என்னைக் கேட்டார்: “ஏம்மா, அப்பா ஆத்துலேயும் இப்படித்தான் நடப்பாரா?”

“இல்லையே மாமா. கோட்டு போட்டுண்டா மட்டுந்தான். அதுக்கு முதுகே கிடையாது.”

அம்மாவின் சாமர்த்தியத்தைச் சொல்ல ஓர் ஆள் கிடைத்த பெருமை எனக்கு.

காப்பியோடு வந்த அப்பாவிடம் “கொஞ்சம் திரும்புங்கோ” என்றார் அதிகாரி. அப்பா திரும்பினார். இரண்டு நாடாவும், முதுகு நிறைய வேர்க்குருவும்.

“யார் வெட்டினது?”

“நான்தான்” என்றாள் அம்மா உள்ளேயிருந்து. “முன்பக்கம் ரூல்படிதான் இருக்கு.”

அதிகாரி சிரிக்கவில்லை. காப்பியை முழுக்கக் குடித்தார். “காத்து நன்னா வருமோ?” என்று மட்டும் கேட்டார்.

“வரும் சார்” என்றார் அப்பா, சுவரைப் பார்த்தபடி.

அவர் போனதும் அப்பா பழைய நாற்காலிக்கு மனத்தைத் தயார்ப்படுத்திக்கொண்டார். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. செவ்வாய்க்கிழமை சேவகர் ஒரு காகிதப் பொட்டலம் கொண்டுவந்தார். உள்ளே அதிகாரியின் கோட்டு. கூட ஒரு சீட்டு: ‘பின்பக்கம் மட்டும்.’

அந்த மாதமே அப்பா நிரந்தரமானார். அதன்பின் அதிகாரி யாரையும் எழுந்து வழியனுப்பவில்லை என்று அலுவலகத்தில் ஒரு மனத்தாங்கல் இருந்தது.

இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லக்கூடாது என்று தடை போட்டதுதான் அன்று என் ஒரே வருத்தம். அப்பாவின் விண்ணப்பம் அவ்வளவு நாளும் அதே அதிகாரியின் மேஜையில், அவர் கையெழுத்துக்காகத்தான் கிடந்தது என்பது எனக்குத் தெரியாது. ஒரு கையெழுத்துப் போடுவதைவிடத் தன் கோட்டையே வெட்டிக்கொள்வது ஓர் அதிகாரிக்குச் சுலபம் என்பது, அப்படி ஒரு நாற்காலியில் நானே உட்காரும்வரை புரியவும் இல்லை.

கையெழுத்து விழாமல் போகவில்லை. ‘நடப்புக் கோடை முடியும்வரை கோட்டைக் களைந்து வைக்கலாம்’ என்ற உத்தரவை, கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு அப்பா வாங்கிக் கோப்பில் சேர்த்தார். அது வந்து சேர்ந்தது மார்கழி முதல் தேதி.