சர்க்கரை சேர்க்காத பாட்டில்

எங்கள் எதிர்வீட்டு அக்காவுக்கு குடியிருப்பில் எல்லாரும் வைத்த பெயர் ஊசியக்கா. துணிக்கடைகள் நிறைந்த ஒரு வளாகத்தின் கீழ்த்தளத்தில் ஆல்டரேஷன் வேலை பார்ப்பவர். பேண்ட் நீளத்தைக் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிடிப்பது எல்லாம் அவர் கைவேலை. வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போதும் காலரில் குண்டூசிகள் வரிசையாகக் குத்தியிருக்கும். லிஃப்டில் அவருக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தால் கொஞ்சம் தள்ளியே நிற்போம்.

பயந்த சுபாவம். கதவைப் பூட்டிவிட்டுக் கீழே போவார். தெருமுனைவரை போய்விட்டுத் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். அப்படியும் மனசு ஆறாது. கேஸை மூடினேனா, இஸ்திரிப்பெட்டியை அணைத்தேனா என்று வேலை நடுவில் சந்தேகம் வரும். நான் வாஷிங்மெஷின் ரிப்பேர் பார்ப்பவன். பாதி நாள் வீட்டுக் கூடத்திலேயே மோட்டாரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதனால் என்னிடம் ஒரு சாவி கொடுத்து வைத்திருந்தார். "தம்பி, கோவிச்சுக்காதீங்க, கொஞ்சம் உள்ள போய்ப் பாருங்களேன்" என்று போன் வரும். போய்ப் பார்ப்பேன். ஒரு நாளும் எதுவும் எரிந்துகொண்டிருந்ததில்லை.

அவர் கணவர் கப்பலில் எலெக்ட்ரீஷியன். வந்தால் உண்டு, வராவிட்டால் போன்தான். ஒரே மகள் நர்ஸ் படிப்புக்காக வேறு ஊருக்குப் போனாள். போகும்போது தன் நாயை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனாள். குட்டைக் காலும் பழுப்பு முதுகுமாக இருக்கும் அதன் பெயர் பட்டாணி. "அம்மா, பத்திரம்" என்றுதான் சொன்னாள். யாரும் சொல்கிற வார்த்தைதான். ஆனால் அக்கா அதைப் பெரிய சுமையாக ஏற்றிக்கொண்டார். நாய் ஒரு தும்மல் போட்டால் அன்று அவருக்குத் தூக்கம் போச்சு.

இந்த நிலைமையில்தான் டாக்டர் அவருடைய ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, "சர்க்கரை எல்லையில நிக்குது. இப்பவே கவனிச்சா ஒண்ணும் ஆகாது" என்றார். ஒன்றும் ஆகாது என்றது அக்கா காதில் விழவே இல்லை. அவருடைய அம்மாவுக்கு சர்க்கரை முதலில் கால்விரல்களை எடுத்துக்கொண்டது, பிறகு கண்ணை. அந்தப் புண்ணுக்குக் கட்டு மாற்றியவர் அக்காதான். அந்த வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது என்று ஒரு முறை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

காலையில் கடைக்கு ஓடுகிற அவசரத்தில் அவருக்கு பிரெட்தான் சாப்பாடு. ஒரு துண்டில் பீனட் பட்டர், இன்னொன்றில் ஜாம், இரண்டையும் ஒட்டி, நின்றபடியே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார். ஆஸ்பத்திரி நர்ஸ் இதைக் கேட்டுவிட்டு, "பாட்டில் முன்பக்கத்தைப் பார்க்காதீங்க, அது விளம்பரம். பின்னால திருப்புங்க. எது முதல்ல எழுதியிருக்கோ அதுதான் உள்ள அதிகம்" என்று சொல்லி அனுப்பினாள்.

அன்று சாயங்காலம் என் கதவைத் தட்டினார். ஒரு கையில் ஜாம் பாட்டில், இன்னொன்றில் பீனட் பட்டர். முகம் வெளுத்திருந்தது.

"தம்பி, இதைப் பாருங்க. முதல்ல சர்க்கரை. பழம் அதுக்கப்புறம்தான். அதுக்கும் கீழ குளுக்கோஸ் சிரப்பாம். அதுவும் சர்க்கரைதானே? கடலையிலயும் சர்க்கரை போட்டிருக்கான், கெட்டியாக்கின எண்ணெய் வேற. இத்தனை வருஷமா நான் எதைத் தின்னுக்கிட்டு இருந்தேன்?"

"எல்லாரும் தின்னுக்கிட்டுதான் இருக்கோம் அக்கா."

"எல்லாரோட அம்மாவுக்கும் கால் போகலையே."



அதற்குப் பிறகு சூப்பர் மார்க்கெட் போவது அவருக்குப் பரீட்சை எழுதப் போவது போல ஆகிவிட்டது. ஒரு முறை நானும் கூடப் போனேன். ஒவ்வொரு பாட்டிலாக எடுப்பார், திருப்புவார், மூக்குக்கு நேரே பிடித்துப் படிப்பார், வைத்துவிடுவார். முழுக்கப் பழம் என்று படம் போட்ட ஒன்றில் முதல் பொருளே சுண்டக் காய்ச்சிய திராட்சைச் சாறு. "வேற வேஷத்துல வந்திருக்கு பாருங்க" என்றார். பெக்டின் என்ற பெயரைப் பார்த்து அதையும் வைக்கப் போனார். அது பழத்திலேயே இருப்பது, ஜாம் உறைவதற்குப் போடுவது, பயப்பட வேண்டாம் என்றேன். நம்பாமல் என்னைப் பார்த்தார். "அக்கா, நீங்க ஜாமைத் தேர்ந்தெடுக்கறதுக்குள்ள கூடையில இருக்கற பிரெட் காஞ்சுடும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. தெரியாத வார்த்தை ஒவ்வொன்றும் அவருக்கு இருட்டில் நிற்கிற ஆள் மாதிரி இருந்தது.

கடைசியில் ஒன்று கிடைத்தது. பச்சை மூடி போட்ட பீனட் பட்டர். 'சர்க்கரை சேர்க்கவே இல்லை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. திருப்பிப் பார்த்தார். முதலில் கடலை. கெட்டி எண்ணெய் கிடையாது. கீழே மட்டும் வாயில் நுழையாத ஒரு பெயர். அலமாரி அடுக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டார்.

"அது மரத்துலருந்து எடுக்கற இனிப்பு ஆன்ட்டி. சர்க்கரை மாதிரி ஏத்தாது. டயட்ல இருக்கறவங்க எல்லாம் இதைத்தான் வாங்கறாங்க."

அந்தப் பெண் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அக்கா பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அந்த வாரம் முழுக்க அவர் முகத்தில் ஒரு தெளிவு. பூட்டைக்கூட ஒரு முறைதான் இழுத்துப் பார்த்தார்.

அந்த வாரக் கடைசியில் அவருக்கு விடுமுறை நாள். பட்டாணிக்குப் பூச்சி மாத்திரை கொடுக்க வேண்டும். மாத்திரையை வெறுமனே வாயில் போட்டால் அந்த நாய் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே துப்பும். மகள் அதைப் பீனட் பட்டருக்குள் பொதிந்து கொடுப்பாள். அக்காவும் அப்படியே செய்தார். ஒரு கரண்டி எடுத்து மாத்திரையை உள்ளே அழுத்தி நீட்டினார். நாய் நக்கித் தின்றுவிட்டு இன்னும் வேண்டும் என்று வாலை ஆட்டியது. இன்னொரு கரண்டி கொடுத்தார். சர்க்கரையே இல்லாததுதானே, நல்லதுதானே என்று மூன்றாவதும் கொடுத்தார்.

பிறகு வீட்டு மெஷினில் உட்கார்ந்து யாருக்கோ ஜன்னல் திரை தைத்துக்கொண்டிருந்தார். சமையலறையிலிருந்து பட்டாணி வந்தது. பின்னங்கால்கள் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயின, குடித்தவன் நடை போல. வாந்தி எடுத்தது. சரி, மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று துடைக்கத் துணி எடுத்துக்கொண்டு திரும்பினால், நாய் பக்கவாட்டில் சரிந்து கிடக்கிறது. கண் திறந்திருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டும் அந்தக் கண் அவர் பக்கம் திரும்பவில்லை. உடம்பு விட்டு விட்டு உதறியது.

நான் அப்போது ஒரு வீட்டில் மெஷின் மாட்டிவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தேன். லிஃப்டை விட்டு வெளியே வந்ததும் என் கால் நின்றுவிட்டது. ஊசியக்கா வீட்டுக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. உள்ளே தையல் மெஷினின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தரையில் வாந்தி. ஒரு செருப்பு கூடத்தில், இன்னொன்று வாசலில். "அக்கா" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. குளியலறைக் கதவைத் தள்ளக் கை வரவில்லை. அந்த நேரத்தில் சட்டைப்பையில் போன் அடித்தது.

"தம்பி, எங்க இருக்கீங்க?"

"உங்க வீட்லதான். என்னக்கா ஆச்சு? கதவு திறந்து..."

"கதவு கிடக்கட்டும். பட்டாணியைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துட்டேன். மேடை மேல பச்சை மூடி பாட்டில் இருக்கா பாருங்க. பின்னாடி என்ன போட்டிருக்குன்னு படிங்க. டாக்டரம்மா கேக்கறாங்க. எனக்கு அந்தப் பேரு வரமாட்டேங்குது தம்பி, ஏதோ டால்னு முடியும்..."

போனைக் கால்நடை டாக்டர் வாங்கிக்கொண்டார். அவசரமே இல்லாத குரல். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"நிதானமாப் படிங்க. கடலைக்கு அப்புறம் என்ன?"

என் கண்ணாடி என் வீட்டில் இருந்தது. எழுத்துகள் எறும்பு ஊர்வது போல இருந்தன. போதாததற்கு பாட்டிலில் வழிந்திருந்த எண்ணெய், என் கையிலிருந்த கிரீஸ், இரண்டும் சேர்ந்து லேபிளை மெழுகிவிட்டன. சட்டையில் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினேன்.

"எக்ஸ்ல ஆரம்பிக்குது டாக்டர்."

"அடுத்தது ஒய்யா?"

"ஆமா."

"எல்?"

"ஆமா, எல், அப்புறம் ஐ..."

"போதும்" என்றார். சைலிட்டால் என்று அங்கே யாரிடமோ சொல்வது கேட்டது. போனை அணைக்காமல் எங்கோ வைத்துவிட்டார்கள். நான் அங்கே நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஓடுகிற காலடிச் சத்தம். ஏதோ இரும்புத் தட்டு விழுந்தது. "குளுக்கோஸ் ஏத்துங்க, சீக்கிரம்." நடுவில் அக்காவின் குரல், "என்னம்மா அது? நான் என்ன கொடுத்துட்டேன்? யாராவது சொல்லுங்களேன்."

கதவைப் பூட்டிக்கொண்டு பாட்டிலோடு போனேன். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் அந்த ஜன்னல் திரை. நாயை அதில்தான் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறார். காலரில் இருந்த குண்டூசி ஒன்று கழுத்தைக் கீறி ரத்தம் வந்திருந்தது. அவருக்குத் தெரியவே இல்லை.

டாக்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். மனிதர்களுக்கு இந்த இனிப்பால் ஆபத்தில்லை, அதிகம் போனால் வயிறு கலங்கும். நாய் உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது. நிஜச் சர்க்கரை வந்துவிட்டது என்று நினைத்து இன்சுலினைக் கொட்டிவிடும். ரத்தத்தில் இருக்கிற சர்க்கரை அப்படியே விழுந்துவிடும்.

"நான் ஏறிடுமோன்னு பயந்துதான் வாங்கினேன் டாக்டர்" என்றார் அக்கா. "அதுக்கு இறங்கிடுச்சா?"

"சர்க்கரையை ஏத்திடலாம். ஆனா இது ஈரலையும் தாக்கும், அதுதான் கவலை. கெட்டுப்போச்சா இல்லையான்னு தெரிய ரெண்டு மூணு நாள் ஆகும்."

அந்த நாட்கள் கொடுமை. முதல் நாள் சாயங்காலமே மகளிடமிருந்து போன் வந்தது. வழக்கமாக வருகிற போன்தான். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. "எடுங்கக்கா, நாம சொல்றதுதான் முறை" என்றேன். எடுத்தார். சொன்னார். மகள் கத்தியது நான் உட்கார்ந்திருந்த இடம்வரை கேட்டது: "படிச்சுப் படிச்சுத்தானேம்மா வாங்கறே! அதுல இது தெரியலையா?" போன் அணைந்தது. அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு, "அவ கேக்கறது நியாயம்தான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மகளே மறுபடி கூப்பிட்டாள். அழுது முடித்த குரல். "எனக்கும் தெரியாதும்மா. நானும் இதையேதான் பண்ணியிருப்பேன். நீ ஏதாவது சாப்பிட்டியா?" அப்போதுதான் அக்கா அழுதார்.

மறுநாள் ரத்தப் பரிசோதனையில் ஈரல் நொதிகளின் அளவு ஏறியிருந்தது. டாக்டர் நல்லதாகவும் எதுவும் சொல்லவில்லை, கெட்டதாகவும் சொல்லவில்லை. அக்கா வேலைக்குப் போகாமல் கூண்டுக் கம்பி வழியாக விரலை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்த நாள் காலையில் பட்டாணி தலையைத் தூக்கி அந்த விரலை நக்கியது. மத்தியானம் அளவு இறங்கத் தொடங்கிவிட்டது என்று சொன்னார்கள். "கண்டம் தாண்டியாச்சு" என்று டாக்டர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. "நிஜமாத்தானே டாக்டர்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியில் இருந்த பாட்டில்களை எல்லாம் குப்பையில் போட்டார். சில நாள் வெறும் பிரெட்டைத் தண்ணீரில் நனைத்துத் தின்றார். பட்டாணியின் டாக்டர்தான் திட்டினார். கடலை மட்டும் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள், உப்பு இருந்தால் பரவாயில்லை, ஜாமில் பழம் முதலில் இருக்கட்டும், பெயர் தெரியாவிட்டால் வாங்குவதற்கு முன்னால் எனக்குப் போன் செய்யுங்கள் என்றார். அப்படி ஒன்று வாங்கி வந்து திறந்தால் மேலே எண்ணெய் மிதக்கிறது. கெட்டுப்போய்விட்டது என்று பதறி என் கதவைத் தட்டினார். "வேற எதுவும் சேர்க்கலைன்னா எண்ணெய் பிரிஞ்சு மேல வரும் அக்கா. கிண்டிவிட்டுச் சாப்பிடுங்க" என்றேன். என்னை முதலில் சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டேன். நான் உயிரோடு இருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனார்.

கடைக்குப் போய் அந்தப் பெண்ணிடமும் சொன்னார். சண்டை போடவில்லை, நடந்ததை மட்டும் சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாளாம். அலமாரியில் எச்சரிக்கை ஒட்டலாமா என்று மேனேஜரைக் கேட்டாள், அவர் முடியாது என்றார். அதனால் யாராவது பச்சை மூடியை எடுத்தால் அவளே ஓடிப்போய், "வீட்ல நாய் இருக்கா?" என்று கேட்கிறாள். கடலை வாங்க நாய் எதுக்கு என்று சிலர் முறைக்கிறார்கள். சிலர் பாட்டிலைத் திரும்ப வைத்துவிட்டுப் போகிறார்கள்.

பட்டாணிக்கு எந்தப் பயமும் இல்லை. கரண்டிச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் ஓடி வருகிறது. மாத்திரை நாள் வந்தால் மட்டும் அக்கா அதைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுவார். மாத்திரையை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்.

"நீங்களே கொடுங்க தம்பி" என்பார். "விழுங்கினதும் சொல்லுங்க."