முத்து முகம்மதுவின் இருபத்தோராவது அதிபர்

பர்மாவில், பன்சோடான் தெரு நடைபாதையில் பழைய புத்தகம் விற்கும் முத்து முகம்மதுவுக்கு வயது அறுபத்தேழு. அவரிடம் பன்னிரண்டு ஆண்டுகளாக விலைபோகாத தடித்த புத்தகம் ஒன்று உண்டு: அமெரிக்க அதிபர்களின் வாழ்க்கை. வாஷிங்டன், லிங்கன், கென்னடி படங்களைப் பள்ளிப் பிள்ளைகள் வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இருபத்தோராவது அதிபர் செஸ்டர் ஆர்தரை யாரும் தொடவில்லை. கன்னம் முழுக்கக் கிருதா, நடுவே திருப்தியான ஒரு முகம்.

ஆள் வராத மதியங்களில் முத்து முகம்மது அந்தப் பக்கங்களைத்தான் படிப்பார். 1881இல் அதிபர் சுடப்பட்டு இறக்க, துணை அதிபர் ஆர்தர் நாற்காலிக்கு வந்தார். அவர் பிறந்தது கனடாவில், அதிபராகத் தகுதியில்லை என்று எதிரிகள் கிளப்பினார்கள். ஒன்றும் ஆகவில்லை. மறு ஆண்டே சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வரக் கூடாது, சீனர்கள் குடிமக்களாகக் கூடாது என்ற சட்டத்தில் அவர் கையெழுத்திட்டார். சாகும் முன் தன் காகிதங்களை எரிக்கச் சொல்லிவிட்டார்.

"பொறந்த ஊரு மேலயே சந்தேகம் இருந்த ஆளு, அடுத்தவனுக்குக் கதவச் சாத்தியிருக்கான் பாரு" என்பார் மகள் ஸமீராவிடம்.

"செத்தவன விடுங்க வாப்பா. என் பாஸ்போர்ட்டப் பாருங்க."

ஸமீராவுக்குக் கோலாலம்பூரில் ஒரு பல் மருத்துவரிடம் வேலை காத்திருந்தது. பாஸ்போர்ட்டுக்குக் குடியுரிமை அட்டை வேண்டும். அட்டைக்கு, அவள் தாத்தா, நாடு விடுதலை பெற்ற 1948க்கு முன்பே இங்கே வந்ததற்குச் சான்று வேண்டும்.

குடியுரிமை அலுவலகத்தில் இருந்த அம்மாள் பர்மிய மொழியில், பெயருக்கு முன் மரியாதைக்கு 'ஊ' போட்டுத் தன்மையாகவே சொன்னார்: "ஊ முத்து, உங்க அப்பாவோட வெளிநாட்டவர் பதிவுப் புத்தகம் இருக்கும். வந்த தேதி அதுல இருக்கும். கொண்டாங்க, முடிச்சிடலாம்."

"வெளிநாட்டான்னு காட்டினாத்தான் உள்நாட்டானா, சயாமா?"

"சட்டம் அப்படித்தான்." அவர் சிரிக்கவில்லை.

இன்சீனில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும்போது, நகரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலில் முத்து முகம்மது மகளிடம் சொன்னார். 1964. கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. நம்மவர்கள் கப்பல் கப்பலாகக் காயல்பட்டினம் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டவர் புத்தகம் வீட்டில் இருந்தால் நம்மையும் ஏற்றிவிடுவார்கள், அது இல்லாவிட்டால் நாமும் பர்மாக்காரர்தான் என்று அவருடைய வாப்பா நம்பினார்.

"எனக்கு ஆறு வயசு. அந்தப் புத்தகத்த அடுப்புல போட்டது நான்தான். அட்டை லேசுல பத்தல. ஊதி ஊதிப் பத்த வச்சேன். வாப்பா முதுகுல தட்டிக் கொடுத்தாரு."

ரயிலை விட்டு இறங்கும்போது ஸமீரா சொன்னாள்:

"நல்லா ஊதியிருக்கீங்க."

அந்த வேலை வேறொருத்திக்குப் போனது. பிறகு அவள் ஒரு ஏஜெண்டைப் பிடித்து, பாஸ்போர்ட் இல்லாமலே மியாவடி எல்லை வழியாகக் கிளம்பினாள். பெயர் போட்ட தாள் எதுவும் கையில் இருக்கக் கூடாது என்று அவன் சொல்லியிருந்தான். பள்ளிச் சான்றிதழ்களை அடுப்பருகே வைத்துவிட்டு, "நீங்களே போட்டுடுங்க, உங்களுக்குத்தான் பழக்கம்" என்றாள். முத்து முகம்மது அவற்றை எடுத்து அதிபர்கள் புத்தகத்தில் ஆர்தருக்கும் அடுத்தவருக்கும் நடுவே செருகினார்.

ஏழு வாரம் ஆகிறது. போன் வரவில்லை. நேற்று ஒரு கல்லூரிப் பெண் அந்தப் புத்தகத்தைப் புரட்டினாள்.

"யாரு ஊலே, இந்தக் கிருதாக்காரர்?" என்று பர்மிய வழக்கில் மாமா முறை வைத்துக் கேட்டாள்.

"பேப்பர எரிச்சும் ஒண்ணும் ஆகாத ஆளும்மா" என்று சொல்லி, புத்தகத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.