மேசையில் ஒரே ஒரு தட்டு

நான் பதினாறு வயதில் நான்காம் படிவம் படித்தபோது, மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் டென்மார்க்கிலிருந்து ஒருத்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். பத்து மாதம் எங்களோடு தங்கி, என் பள்ளியிலேயே படிப்பதாக ஏற்பாடு. ஏழு வாரத்தில் போய்விட்டாள். அவளைத் துரத்தியது நான்தான். இதை இத்தனை வருடத்தில் இங்கேதான் முதல்முறை சொல்கிறேன். சொல்லி என்ன ஆகப்போகிறது என்றும் தெரியும்.

பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில், பதினான்காவது மாடியில் எங்கள் வீடு. அப்பாவுக்கு பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை ஷிஃப்ட். அம்மா ஒரு பாலர் பள்ளியில் உதவியாளர். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் கிடையாது. அதனால் வரப்போகிறவளுக்கு என் அறையையே கொடுத்துவிட்டு, அம்மாவின் அறைக்கு மூட்டை கட்டினேன். அவள் என்னைவிட மூன்று மாதம் மூத்தவள். பார்ப்பதற்கு முன்பே அக்கா என்று முடிவு செய்துவிட்டேன். ஒரு அக்கா வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

அம்மாவுக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு. ஆங்கிலம் என்றால் மட்டும் வாய்க்குப் பூட்டு. ஆகவே நடுவில் நான். பினாங்குக்கு இரண்டு பாலம், மூன்றாவது நான்தான் என்று பள்ளியில் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் வீட்டில் விருந்தாளிதான் முதலில் சாப்பிட வேண்டும். மேசையில் ஒரே ஒரு தட்டு இருக்கும். அம்மா பக்கத்தில் நின்று பரிமாறுவார். தட்டில் சோறு குறையக் குறையக் கரண்டி வரும். மீனில் நடுத்துண்டு அவளுக்கு. அவள் கை கழுவிய பிறகுதான் நாங்கள் அடுப்படியில் உட்கார்ந்து மிச்சத்தைச் சாப்பிடுவோம். உறவுக்காரர்கள் யார் வந்தாலும் இதுதான் முறை. இதில் விளக்கம் சொல்ல என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

முதல் வாரமே அவள் என்னிடம் கேட்டாள்: "உங்கள் வீட்டில் யாரும் என்னோடு ஏன் சாப்பிடுவதில்லை? நான் ஏதாவது தப்பு செய்தேனா?" அவள் வீட்டில் சாயங்காலச் சாப்பாடு என்றால் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்தே ஆக வேண்டுமாம். தனியாக உட்கார்த்தி வைத்து, சுற்றி நின்று பார்ப்பது அவளுக்கு மூச்சு முட்டியது. அம்மாவிடம் கொஞ்சம் சொல்ல முடியுமா என்றாள். சொல்கிறேன் என்றேன்.

சொல்லவில்லை. அம்மா அவளுக்காகக் காலையிலேயே பாசாருக்குப் போய் மீன் பார்த்து வாங்கிக்கொண்டிருந்தார். நீங்கள் செய்வது அவளுக்குப் பிடிக்கவில்லை என்று எந்த வாயால் சொல்வது? இரண்டு நாள் கழித்து அவள் மறுபடி கேட்டாள். "சொல்லிட்டேன், கொஞ்ச நாள்ல சரியாகிடும் லா" என்று ஆங்கிலத்தில் அடித்துவிட்டேன். அதற்குப் பிறகு உண்மையைச் சொன்னால் பொய் வெளியே வரும். அதனால் அப்படியே விட்டேன்.

அந்தப் பக்கம் அவள் சாப்பிட்டதும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்த ஆரம்பித்தாள். எங்கள் வீட்டில் கோபம் வந்தால்தான் கதவு சாத்துவோம். அம்மா தவித்துப்போனார்.

"ஏம்மா, நம்ம மேல கோவமா இருக்காளா? கேட்டுப் பாரேன்."

"அதெல்லாம் இல்லம்மா. டயர்ட் லா."

அம்மா இன்னும் நன்றாகச் சமைத்தார். இன்னும் நெருங்கி நின்று பரிமாறினார். அவள் இன்னும் சீக்கிரமாகக் கதவைச் சாத்தினாள். திட்டத்தில் கொடுத்த கையேட்டில், மனக்குறை இருந்தால் உரியவரிடம் உடனே, அன்பாகப் பேசுங்கள் என்று போட்டிருந்தது. பாவம், அவள் அதன்படிதான் நடந்தாள். என்னிடம் மொத்தம் ஐந்து தடவை சொன்னாள்.

ஏழாவது வாரம், திட்டத்தைப் பார்த்துக்கொண்ட மலாய்க்கார அம்மையார் வீட்டுக்கு வந்தார். அவளுக்கு வேறு ஊரில் வேறு குடும்பம் பார்த்தாகிவிட்டது என்றார். அவளுடைய பெட்டி ஏற்கெனவே கூடத்தில் இருந்தது. காரணத்தை அம்மாவிடம் மலாயில் பதமாகச் சொன்னார். சேர்ந்து சாப்பிடுங்கள் என்று எத்தனையோ முறை கேட்டும் நீங்கள் உட்காரவில்லை, தன்னை வேண்டாதவளாக நினைக்கிறீர்கள் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது என்றார். "ஆனால் உங்கள் மகளைக் குறை சொல்லக் கூடாதாம். அவள் ஒவ்வொரு தடவையும் உங்களிடம் சொன்னாளாம்."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம்தான்.

"ஆமாம் புவான், இவள் சொன்னாள்" என்றார் அம்மா மலாயில். "நாங்கள்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை."

அம்மையார் அதை ஆங்கிலத்தில் அவளிடம் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள், அவ்வளவு நாளும் அவள் நினைத்திருந்தது அதுதான். ஒரே ஒரு வாக்கியம் நான் பேசியிருந்தால் போதும். ஆங்கிலத்தில் வகுப்பிலேயே முதல் மாணவி நான். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மா இன்றுவரை அதைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை. திட்டியிருந்தால்கூடப் பிழைத்திருப்பேன். அவளுடைய சமூக ஊடகப் பக்கத்தை இப்போதும் கைப்பேசியில் பார்க்க முடிகிறது. எழுத வேண்டும் என்று எடுப்பேன், வைத்துவிடுவேன். எழுத மாட்டேன் என்பது எனக்கே தெரியும்.

அன்று லிஃப்ட் வந்ததும் அவள் அம்மாவிடம் கை மட்டும் கொடுத்தாள். என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டு அழுதாள். "இந்த வீட்டில் எனக்காகப் பேசியது நீ ஒருத்திதான்" என்றாள்.

கதவு மூடியதும் அம்மா கேட்டார்: "கடைசியா என்னம்மா சொன்னா?"

"உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாம்மா" என்றேன்.