சுகந்தியின் கறுப்புச் சப்பாத்து

சுகந்திக்கு வேலை கிடைத்தது சந்தோஷம் என்று எல்லோரிடமும் சொன்னேன். பொய்.

திரியாயிலிருந்து வந்து என்னோடு கணினி படித்தவள் அவள். துறைமுகத்துக்குள் இருந்த கப்பல் முகவர் அலுவலகத்துக்கு, கிளார்க் வேலை நேர்முகத்துக்கு ஒன்றாகத்தான் போனோம். ஆங்கிலத்தில் நான் அவளைவிடக் கெட்டிக்காரி. புதுச் சேலையும் குதி உயர்ந்த செருப்புமாகப் போயிருந்தேன். அவளோ சேலைக்குக் கீழே காலை மூடிய கறுப்புச் சப்பாத்து போட்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

கேள்விகள் முடிந்ததும் மேலாளர் எழுந்தார்.

"வாங்கோ, இறங்குதுறையையும் ஒருக்காப் பார்ப்பம்."

வாசலில் என் காலைக் கண்டார்.

"கால் மூடாத செருப்போட அங்க விட ஏலாது தங்கச்சி, பாதுகாப்புச் சட்டம். நீங்கள் இருங்கோ."

கப்பலடியில் அவர் கைகாட்டிச் சொல்வதையும் அவள் தலையாட்டுவதையும் கதிரையில் இருந்தபடி ஜன்னலால் பார்த்தேன்.

திரும்பும் வழியில் கேட்டேன்.

"உள்ளுக்கு ஆரையும் தெரியுமோ?"

"இல்லையடி. விளம்பரத்தில இருந்த நம்பருக்கு கோல் எடுத்து, என்ன போட்டுக்கொண்டு வரவேணும் எண்டு கேட்டனான். உனக்குத் தெரிஞ்சிருக்கும் எண்டு நினைச்சன்."

அந்த நம்பர் என் போனிலும் இருந்தது.

இப்போது எந்த நேர்முகத்துக்கும் முதல் நாளே கோல் எடுத்துக் கேட்டுவிடுகிறேன். ஆனாலும் பஸ் நிலையத்தில் சுகந்தியைக் கண்டால், முகத்துக்கு முன் அவள் காலைத்தான் பார்க்கிறேன்.