பிராந்தி பாட்டிலில் இருமல் மருந்து

எழுபதுகளின் கடைசியில் நான் புதுச்சேரியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அரசாங்க ஆஸ்பத்திரியில் தண்ணி மருந்து வாங்க அப்போது நோயாளிதான் பாட்டில் கொண்டுபோக வேண்டும். இல்லாதவர்கள் டம்ளரில் வாங்கிக்கொண்டு, பாதியை வழியில் சிந்தியபடி நடப்பார்கள். வகுப்புத் தோழி ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். நாங்கள் நான்கு பெண்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போய்க் காலி பாட்டில் கேட்க ஆரம்பித்தோம்.

எங்கள் ஊரில் பாட்டிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வாசலில் நின்று கேட்டால், "அதெல்லாம் எங்க வூட்ல கெடையாது" என்பார்கள். கொஞ்ச நேரத்தில் தோட்டத்துப் பக்கமாக, செய்தித்தாளில் சுற்றிய பிராந்தி பாட்டில்கள் வரும். எங்கள் வீட்டுக் கிணற்றடியில் சோடா உப்புப் போட்டுக் கழுவி, வெந்நீரில் அலசி, காயவைத்து, மருந்து வாங்கும் வரிசையில் கொடுத்தோம். லேபிளைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

ஒருநாள் ஒரு பெண் வரிசையில் எங்களைத் தேடிக்கொண்டு வந்தாள். கையில் நாங்கள் கொடுத்த பிராந்தி பாட்டில், அதில் பாதி மருந்து. அவளுடைய கணவர் மில் தொழிலாளி, குடியை விட்டு சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பாட்டிலைப் பார்த்த மாமியார் மகனை வீட்டுக்குள் விடவில்லை.

"நான் சொன்னா மாமியா நம்ப மாட்டேங்குது. நீங்களே வந்து சொல்லுங்கம்மா" என்றாள்.

நானும் தோழியும் போனோம். அவள் கணவர் வாசலில் குந்தி இருமிக்கொண்டிருந்தார். நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்ட மாமியார் பாட்டிலை முகர்ந்து பார்த்தார். மருந்தின் நிறமும் பிராந்தி மாதிரியேதான்.

"மருந்துன்னா நீ ஒரு வாய் குடி, பாப்போம்" என்று என்னிடம் நீட்டினார்.

குடித்தேன். அப்படி ஒரு கசப்பு. என் முகம் போன போக்கைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. "எழுந்து உள்ள வாடா" என்று மகனைக் கூப்பிட்டார். எனக்கு ஒரு துண்டு வெல்லம் கொடுத்தார். மகன் எங்களைப் பார்க்காமலே உள்ளே போனார். எனக்குத்தான் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

திரும்பும்போது தோழி, "நல்லவேள, என்னைய குடிக்கச் சொல்லல" என்றாள்.

அதன் பிறகு லேபிள்களை ஊறவைத்து பிளேடால் சுரண்டினோம். காலி டானிக் பாட்டில் கிடைத்தால் அதை முதலில் கொடுத்தோம். படிப்பு முடிந்ததும் நான் வேலை கிடைத்துக் கடலூர் போய்விட்டேன். அடுத்த வகுப்புப் பெண்கள் கொஞ்ச காலம் செய்தார்கள். கிணற்றடியில் மிஞ்சிக் கிடந்த பாட்டில்களை அம்மா பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டாள்.