ஜெபாவுக்குக் கொழுப்பு இல்லை

முதல் அறிகுறி என் மனைவியின் உடம்பில் தெரியவில்லை. என் பல்லில் தெரிந்தது. கடைசித் தோசையை என் தட்டில் போட்டுக்கொண்டேன். ஜெபா தோசைத் திருப்பியால் என் வாயிலேயே அடித்தாள். ரத்தத்தைத் துப்பிவிட்டு நிமிர்ந்தபோது என் தட்டிலிருந்த தோசையைத் தின்றுகொண்டிருந்தாள். கண்ணில் நீர் வழிந்தது. கை மட்டும் நிற்கவில்லை.

அவள் பள்ளி ஆசிரியை. ஒரு பிள்ளைமேல்கூடக் கை ஓங்காதவள். திருமணமான சில வருடங்களில் கன்னம் ஒட்டி, கை கால்களில் நரம்பு புடைத்து வற்றிப்போனாள். பானைச் சோற்றைத் தின்றும் பசி. நான் அவளைப் பட்டினி போட்டு அடிக்கிறேன் என்று எங்கள் செம்பாக்கம் குடியிருப்பில் பேசிக்கொண்டார்கள். அடி வாங்கியது நான். இதை ஓர் ஆண் யாரிடம் போய்ச் சொல்வான்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடுவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். தாம்பரம் ஆஸ்பத்திரி வரை ஆட்டோவில் என் தோளைக் கடித்துக்கொண்டே வந்தாள். கணைய அழற்சி (செரிமான நீர் சுரக்கும் உறுப்பு தன்னையே அரித்துக்கொள்வது) என்றார்கள். குழாயில் எடுத்த ரத்தத்தின் மேல் பாலாடைபோல வெள்ளையாக மிதந்தது.

காரிடாரில் அவள் அண்ணன் டேனியல் வந்தார். கீழ்க்கட்டளையில் டைல்ஸ் கடைக்காரர். பெரிய தொப்பை, அதைவிடக் கனமான கை.

"என் தங்கச்சிய இன்னாடா பண்ண? சோறு போட வக்கில்லாம எதுக்குடா கட்டிகினு போன?"

அவர் என்னைப் பிடித்துச் சுவரில் மோதியதில் என் மூக்கு உடைந்தது. வார்டு பாய்கள் வந்துதான் விலக்கினார்கள். நான் திருப்பி அடிக்கவில்லை. நல்லவன் என்பதால் அல்ல, தெம்பில்லை.

டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்தார். "அவங்க உடம்புல கொழுப்பே இல்ல. அதுதான் வியாதி."

சின்ன வயதிலிருந்து அவளைக் கொழுப்பெடுத்தவள் என்றே திட்டி வளர்த்த அண்ணன், வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்.

லிப்போடிஸ்ட்ரோபி (கொழுப்புத் திசு அழிந்துபோகும் நோய்). தங்க இடமில்லாத கொழுப்பு ரத்தத்திலும் ஈரலிலும் போய் அடைகிறது, சர்க்கரை எகிறுகிறது. போதும் என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் (கொழுப்புத் திசு சுரக்கும் ஹார்மோன்) இல்லாததால் பசி அடங்குவதே இல்லை. அடித்தது அவளல்ல, பசி என்று விளங்கியது. அதற்காக வலி குறைந்துவிடவில்லை.

இன்சுலின், மாத்திரை, எண்ணெய் இல்லாத சாப்பாடு. இன்னொரு முறை கணையம் புண்ணானால் பிழைப்பது கடினம் என்றார் டாக்டர். சமையலறையைப் பூட்டினேன். அவள் அம்மிக்குழவியால் பூட்டை உடைத்தாள்.

டாக்டருக்குத் தெரிந்த ஓர் ஆய்வுக்கூடத்தில் கொழுப்புத் திசுவை வளர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நோயில்லாத உறவினரின் கொழுப்பு கொஞ்சம் வேண்டுமாம். டேனியல் சட்டையைத் தூக்கினார்.

"எவ்ளோ வேணா எடுத்துக்கோ சார், தாராளமா கீது."

வயிற்றில் குழாய் செருகி உறிஞ்சியபோது என் கையை நெரித்துப் பிடித்துக்கொண்டார். என்னிடம் மன்னிப்பு மட்டும் இன்றுவரை கேட்கவில்லை.

அந்தச் செல்களைத் திசுவாக வளர்த்து, கொழுப்பில்லாமல் பிறந்த ஓர் எலிக்குள் வைத்தார்கள். மனிதருக்கு வர வருடங்கள் ஆகலாம், வராமலும் போகலாம். இதை நம்பி யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். எங்களுக்கு இப்போது வருடக் கணக்கே கிடையாது. இந்த வேளைச் சாப்பாட்டிலிருந்து அடுத்த வேளை வரை, அவ்வளவுதான் காலம்.

சமீபத்தில் டாக்டரைப் பார்த்தபோது, எலிக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது என்றார். ஜெபா சர்க்கரையைப் பற்றிக் கேட்கவில்லை.

"அதுக்குப் பசி எப்படி சார் இருந்துச்சு?"

"அடங்கிடுச்சும்மா. வச்ச தீனியில மீதி வைக்க ஆரம்பிச்சுது."

"மீதி" என்று அவள் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். பிறகு, "இப்ப எங்க சார் இருக்கு?" என்றாள்.

"அறுத்துப் பார்த்துட்டாங்கம்மா."

அவள் தன் வயிற்றின்மேல் கை வைத்துக்கொண்டாள்.

"சாகும்போது பசி இல்லாமத்தானே சார் செத்துச்சு?"

"ஆமாம்மா."

"எனக்கும் அது போதும் சார்" என்றாள்.